சூரியனுக்கு ஜாதகம் எழுதியவர்கள்

சூரியனைப் பற்றி உண்மைக்குப் பக்கத்தில் எதையோ பேசி முதலில் வம்பில் மாட்டியவர் அனக்சகோரஸ். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் சூரியன் ஒரு தெய்வம். காலையில் தேரேறும், மாலையில் இறங்கும். இவரோ அது பழுக்கக் காய்ந்த பாறாங்கல், பெலப்பொனீஸ் தீபகற்பத்தை விடப் பெரியது என்று சொல்லித் தொலைத்தார். பெலப்பொனீஸ் இலங்கையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். சூரியனின் குறுக்களவு 14 லட்சம் கிலோமீட்டர். அதன் வயிற்றுக்குக் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக வைக்கலாம். ஆக, மனிதர் ஏகத்துக்குக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் வழக்குப் போட்டது அதற்காக இல்லை. தெய்வ நிந்தனை! ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் சிநேகம் இருந்ததால் தலை தப்பியது. ஊரை விட்டுப் போய் லாம்ப்சகஸில் மிச்ச காலத்தைக் கழித்தார்.

இந்த வழக்கிலிருந்து உலகம் ஒரு பாடம் படித்துக்கொண்டது. சூரியனைப் பற்றித் தப்பாகப் பேசினால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். பெரிய பதவியில் உட்கார்ந்துகொண்டு தப்பாகப் பேசினால் மாலை போடுவார்கள். அடுத்த இரண்டாயிரத்துச் சொச்ச ஆண்டுகள் சூரிய இயற்பியல் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடந்தது.

1611இல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஏசு சபைப் பாதிரியார் இங்கோல்ஷ்டாட்டில் தொலைநோக்கி வழியாகச் சூரியனில் கரும்புள்ளிகளைப் பார்த்தார். பார்த்ததும் பயந்துவிட்டார். சூரியன் மாசுமறுவற்றது என்பது அரிஸ்டாட்டில் காலத்துத் தீர்ப்பு. அதை மீறினால் சபைக்குத் தலைக்குனிவு. எனவே அபெல்லஸ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, அவை புள்ளிகளே அல்ல, சூரியனுக்கு முன்னால் ஓடும் குட்டிக் கிரகங்கள் என்று கடிதம் எழுதினார். கலிலியோ விடுவாரா? அவை சூரியன் மேலேயே இருக்கின்றன, சூரியனோடு சேர்ந்து சுற்றுகின்றன என்று பதில் கடிதங்களில் பிய்த்து எடுத்தார். பிறகு யார் முதலில் பார்த்தது என்று இருவரும் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார்கள். இத்தனைக்கும் யோஹன்னஸ் ஃபாப்ரிசியஸ் என்ற இளைஞர் அதே 1611 ஜூனிலேயே புள்ளிகளைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டிருந்தார். சீனர்களோ தொலைநோக்கி இல்லாமல், தூசி படிந்த வானத்தில் வெறுங்கண்ணால் பார்த்து, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ஏட்டில் குறித்துவைத்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்தில் நாற்காலி போடப்படவில்லை.

வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர், இங்கிலாந்து ராஜாவின் வானியலாளர். அவருக்கு நாற்காலி எப்போதும் உண்டு. 1795இல் அவர் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். சூரியனுக்கு உள்ளே குளுகுளுவென்று கெட்டியான தரை இருக்கிறது. மேலே ஒளிரும் மேகம் ஒரு போர்வையாக மூடியிருக்கிறது. அந்தப் போர்வையில் விழுந்த ஓட்டைதான் கரும்புள்ளி. தரையில், அந்த இடத்துக்கேற்ற உடல்வாகோடு ஜனங்கள் குடியிருக்கிறார்கள்! யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே ஹெர்ஷல்தான் ஐந்து ஆண்டு கழித்து, பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்து, அங்கேயும் சூடு ஏறுவதைப் பார்த்து அகச்சிவப்புக் கதிரைக் கண்டுபிடித்தார். சூரியனின் சூட்டைக் கையால் அளந்தவருக்கு, அங்கே குடியிருப்பவர்கள் வெந்துபோக மாட்டார்களா என்று தோன்றவில்லை. 1801இல், கரும்புள்ளி குறையும் காலத்தில் கோதுமை விலை ஏறுகிறது என்று ஆடம் ஸ்மித்தின் புத்தகத்திலிருந்த விலைப்பட்டியலை வைத்துச் சொன்னபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். சூரியனில் ஆள் இருக்கலாமாம், கோதுமைக்கு மட்டும் சம்பந்தம் இருக்கக் கூடாதாம்.

தத்துவவாதிகள் சும்மா இருப்பார்களா? 1835இல் பாரிஸில் ஒகுஸ்த் கோந்த் ஒரு தீர்ப்பு எழுதினார்: நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் எந்தக் காலத்திலும் அறிய முடியாது. பாவம், விடைத்தாள் அதற்கு இருபது வருஷம் முன்பே வெளியாகிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விடைத்தாளை அச்சடித்தவர் யோசஃப் ஃபிரௌன்ஹோஃபர். அப்பா அம்மா இல்லாத பிள்ளை. மியூனிக்கில் ஒரு கண்ணாடிக்காரரிடம் கூலியில்லாத எடுபிடி. புத்தகம் படித்தால் முதலாளிக்குப் பிடிக்காது. 1801இல் அந்த வீடு மொத்தமாக இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி செத்துப்போனார். பதினான்கு வயதுப் பையனை இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தார்கள். மீட்பு வேலையைப் பார்க்க வந்திருந்த இளவரசர் மாக்சிமிலியன் மனமிரங்கிக் காசு கொடுத்தார். பையன் அதில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஒன்றை வாங்கி, மிச்சத்தைக் கொடுத்து முதலாளியிடமிருந்து விடுதலையும் வாங்கிக்கொண்டான். 1814இல், தான் தேய்த்த கண்ணாடியைச் சோதிக்கச் சூரிய ஒளியைப் பிரித்தபோது, வானவில்லுக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரிந்தன. ஒன்றிரண்டு அல்ல, 574. அவ்வளவையும் குறித்துவைத்தான். அது என்ன எழுத்து என்று அவனுக்குத் தெரியாது.

படித்துச் சொன்னவர்கள் ஹைடல்பர்க்கில் இருந்த கிர்ஹோஃபும் புன்சனும், 1859-60இல். ஒவ்வொரு தனிமமும் சூடானால் தனக்கே உரிய நிறங்களில் ஒளிவிடும்; அதே தனிமம் ஒரு பிரகாசமான விளக்குக்கு முன்னால் சற்றுக் குளிர்ந்த வாயுவாக நின்றால் அதே நிறங்களை விழுங்கிவிடும். விழுங்கிய இடம் கறுப்புக் கோடு. ஆக அந்தக் கோடுகள் சூரியனின் மேல்தோலில் இருக்கும் பொருள்களின் கையெழுத்து: சோடியம், இரும்பு, கால்சியம். கோந்த் இதைப் பார்க்க உயிரோடில்லை, 1857லேயே போய்விட்டார். அவருக்கு நல்ல நேரம். சூரியனில் தங்கமே இருந்தாலும் அதைக் கீழே கொண்டுவர முடியாவிட்டால் என்ன பிரயோஜனம் என்று கிர்ஹோஃபை அவருடைய வங்கிக்காரர் மடக்கினார் என்றும், பிறகு இந்தக் கண்டுபிடிப்புக்காக இங்கிலாந்திலிருந்து வந்த தங்கக் காசுகளை அதே வங்கியில் போடும்போது, இதோ சூரியனிலிருந்து வந்த தங்கம் என்று கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. பொய்யாக இருந்தாலும் வங்கிக்காரர்களுக்குச் சொல்லத்தக்க கதை.

அடுத்த காட்சி நம் பக்கத்தில். 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் கூடாரம் போட்டிருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சன். வனபர்த்தியில் அதே வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீ நாக்குகளின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம்தானே என்று பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் கோடு சோடியத்தின் இடத்திலிருந்து ஒரு நூல் தள்ளி நின்றது. லண்டனில் போர் அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் சூரியனைப் பார்த்துவந்த நார்மன் லாக்கியர், இது பூமியிலேயே இல்லாத ஒரு பொருள் என்று துணிந்து ஹீலியம் என்று பெயரும் வைத்தார். வேதியியல்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 1895இல் ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கல்லை அமிலத்தில் போட்டுச் சூடாக்க, குமிழ்விட்டு வெளியே வந்தது அதே மஞ்சள் கோடு! குமாஸ்தா பிற்பாடு சர் நார்மன் லாக்கியர் ஆனார். பிரான்ஸ் அரசு அவர் முகத்தையும் ஜான்சன் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பதக்கமே அடித்தது. சென்னைக்காரர்களின் முகத்துக்கு அந்தப் பதக்கத்தில் இடம் போதவில்லை.

சூரியனில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது, அது ஏன் இன்னும் அணையவில்லை என்ற சின்னக் கேள்வியை எல்லோரும் தள்ளிவைத்திருந்தார்கள். சூரியன் முழுவதும் நல்ல நிலக்கரி என்று வைத்துக்கொண்டாலும் சில ஆயிரம் ஆண்டுகளில் சாம்பல். கி.மு. 4004இல் உலகம் படைக்கப்பட்டது என்று பேராயர் அஷர் நாள் குறித்திருந்ததால் பக்தர்களுக்கு அது ஒத்துவந்தது. பாறைகளைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு ஒத்துவரவில்லை. 1859இல் டார்வின், தெற்கு இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்கு அரித்து உருவாக 30,66,62,400 ஆண்டுகள் பிடித்திருக்கும் என்று எழுதினார். அந்தக் கடைசி நானூறு வருஷத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். ஆளாளுக்கு இடிக்க, 1861இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கணக்கையே தூக்கிவிட்டார்.

விழுந்தவரை மிதிப்பதற்கு அடுத்த ஆண்டே வந்தார் வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்டு கெல்வின். வெப்ப இயற்பியலின் பெரிய தலை. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்காகப் பட்டம் வாங்கப்போகிறவர். அவர் கணக்கு அழகானது. சூரியன் தன் எடையால் தானே சுருங்குகிறது. விழுகிற பொருள் சூடாகிறது. அந்தச் சூடுதான் வெயில். ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸும் இதையே சொல்லியிருந்தார். ஆண்டுக்குச் சில பத்து மீட்டர் சுருங்கினாலே இப்போதைய வெயிலுக்குப் போதும். ஆனால் எவ்வளவு பெரிய உருவத்திலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தாலும் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. 1897இல் பூமியின் வயதை இரண்டிலிருந்து நான்கு கோடிக்குள் முடித்துவிட்டார். மெல்ல மெல்ல உயிரினங்களை மாற்றிக்கொண்டிருந்த டார்வினின் பரிணாமத்துக்கு நேரமே இல்லை. கணக்கில் ஒரு புள்ளி கூடப் பிழை கிடையாது. எடுத்துக்கொண்ட எரிபொருள் மட்டும் தப்பு. சுருங்கிச் சூடாவது பொய்யும் அல்ல. நட்சத்திரம் பிறக்கும்போது அப்படித்தான் அடுப்பு மூட்டுகிறது. அடுப்பு பற்றியபின் என்ன எரிகிறது என்பதுதான் கெல்வின் கணக்கில் இல்லை.

1904இல் லண்டனில் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு கதிரியக்கத்தைப் பற்றிப் பேச வந்தார். அரங்கில் அரையிருட்டு. எண்பதை நெருங்கிய கெல்வின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கடைசிப் பகுதி பூமியின் வயதைப் பற்றியது, கெல்வினுக்கு நேர் எதிரானது. நல்லவேளை, கிழவர் தூங்கிவிட்டார். முக்கியமான இடம் வந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து முறைத்தார். ரதர்ஃபோர்டுக்கு அந்த நொடியில் மின்னல் வெட்டியது: புதிதாக ஒரு வெப்ப ஊற்று கண்டுபிடிக்கப்படாத வரைதான் தன் கணக்கு செல்லும் என்று லார்டு கெல்வின் முன்னமே சொல்லிவைத்திருக்கிறார், இன்று நாம் பேசுவது அந்த ஊற்றைப் பற்றித்தான் என்று எடுத்துவிட்டார். கிழவர் முகத்தில் வெளிச்சம்! ஆராய்ச்சி மாணவர்கள் மனப்பாடம் செய்யவேண்டிய சமாளிப்பு இது. ஆனால் சூரியனை எரிப்பது ரதர்ஃபோர்டின் கதிரியக்கமும் அல்ல.

1920இல் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் கார்டிஃபில் பேசினார். நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடையை விட ஒரு ஹீலியம் அணுவின் எடை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் குறைகிறது என்று ஆஸ்டன் அப்போதுதான் அளந்து சொல்லியிருந்தார். குறைந்தது எங்கே போயிற்று? ஐன்ஸ்டைன் சமன்பாட்டின்படி ஆற்றலாக! நட்சத்திரத்தில் 5 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே போதும் என்றார் எடிங்டன், கூச்சத்தோடு. கூச்சத்துக்குக் காரணம் இருந்தது: சூரியனில் ஹைட்ரஜன் நிறைய இருப்பதாக யாருக்கும் எண்ணம் இல்லை. பூமியின் மேலோட்டை எடுத்துக் காய்ச்சினால் சூரியன் மாதிரியே இருக்கும் என்பது அன்றைய பெரியவர்களின் நம்பிக்கை. கறுப்புக் கோடுகளில் இரும்பும் கால்சியமும் அத்தனை அடர்த்தியாகத் தெரிந்தனவே.

இந்த இடத்தில்தான் சிசிலியா பெய்ன் வருகிறார். கேம்பிரிட்ஜில் படித்தார், பெண் என்பதால் அங்கே பட்டம் கிடையாது, 1923இல் கப்பலேறி ஹார்வர்டு வானாய்வகத்துக்கு வந்தார். அங்கே நட்சத்திர நிறமாலைகளைப் பிடித்துவைத்த கண்ணாடித் தகடுகள் அறை அறையாக அடுக்கியிருந்தன. கல்கத்தாவில் மேகநாத் சாஹா 1920இல் எழுதிய சமன்பாடு ஒன்றும் அவர் கையில் இருந்தது. எந்தச் சூட்டில் எந்த அணு தன் எலக்ட்ரானை இழக்கும் என்று அது சொல்லும். அதை வைத்துப் பார்த்தால் கோடு அடர்த்தியாக இருப்பதற்குப் பொருள் நிறைய இருப்பதாக அர்த்தமில்லை. சுமார் 5,500 டிகிரிச் சூடு கால்சியத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஹைட்ரஜனுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஹைட்ரஜன் அணுக்களில் மிகச் சொற்பமே அந்தச் சூட்டில் கோடு போடும் நிலையில் இருக்கும். அப்படியிருந்தும் கோடு தெரிகிறதே, அப்படியானால் மொத்தம் எவ்வளவு இருக்கவேண்டும்? பெய்ன் கணக்குப் போட்டார். உலோகங்களை விடப் பத்து லட்சம் மடங்கு.

ஆய்வேடு பிரின்ஸ்டனுக்கு, ஹென்றி நாரிஸ் ரஸ்ஸலிடம் போனது. அமெரிக்க நட்சத்திர இயற்பியலில் அவர் வைத்ததுதான் சட்டம். ஹைட்ரஜன் முடிவு மட்டும் நடக்கவே முடியாத காரியம் என்று எழுதிவிட்டார். இருபத்தைந்து வயதுகூட நிறையாத பெண், வேலைக்கு இவர் தயவு வேண்டும். 1925இல் வெளியான ஆய்வேட்டில் பெய்ன், சூரியனின் உண்மையைத் தானே கண்டுபிடித்து, அதே பக்கங்களில் அது அநேகமாக உண்மையாக இருக்காது என்றும் தானே எழுதவேண்டி வந்தது. நான்கு ஆண்டு கழித்து வேறொரு வழியில் அதே முடிவுக்கு வந்தார் ஒருவர். யார்? ரஸ்ஸல்தான். பெய்னைக் கட்டுரையில் குறிப்பிட்டார், அதைச் சொல்லவேண்டும்; ஆனால் புகழ் பல காலம் அவர் வீட்டில்தான் குடியிருந்தது. சூரியனின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், இரும்பு கால்சியம் தங்கம் எல்லாம் சேர்த்து மிச்சமுள்ள இரண்டு சதவீதத்துக்குள். பெய்ன் நடத்திய பாடங்களின் பெயரை 1945 வரை ஹார்வர்டு தன் பாடப் பட்டியலில் அச்சிடவில்லை. பேராசிரியர் ஆனது 1956இல்.

விறகு கிடைத்துவிட்டது, ஆனால் பற்றவைக்கச் சூடு போதாது என்றார்கள் இயற்பியல்காரர்கள். இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அவற்றை ஒட்டவைக்க நட்சத்திர நடுவின் சூடு பத்தாது. அப்படியானால் இதைவிடச் சூடான இடம் ஒன்றைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 1926இல் எடிங்டன் எழுதினார். அவருக்கு நரகத்துக்கு வழி சொல்வதிலும் ஒரு மரியாதை இருந்தது. 1928இல் காமோவ், துகள்கள் சுவரைத் தாண்டாமல் சுவருக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வரமுடியும் என்று குவாண்டம் கணக்கில் காட்ட, சிக்கல் அவிழ்ந்தது. 1939இல் ஹான்ஸ் பெத்தே கணக்கை முடித்துவைத்தார். சூரியனின் நடுவில் 1.5 கோடி டிகிரி. ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. 40 லட்சம் டன் எடை ஒளியாகக் காணாமல் போகிறது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும், சூரியன் நடுவில் ஒரு கன மீட்டருக்கு உண்டாகும் சூடு வீட்டுக் கொல்லையில் மக்கும் உரக்குழி தருகிற அளவுதான். ஒரு புரோட்டானுக்கு ஜோடி சேரச் சராசரியாக நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் ஆகும். இந்த அசாத்திய நிதானம் இருப்பதால்தான் 460 கோடி வருஷமாக எரிகிறது, இன்னும் சுமார் 500 கோடி வருஷத்துக்குச் சரக்கு இருக்கிறது.

சரிபார்க்க வேண்டாமா? அடுப்பின் நடுவிலிருந்து நேராக வெளியே ஓடிவருபவை நியூட்ரினோக்கள். அவற்றைப் பிடிக்க ரேமண்ட் டேவிஸ் தெற்கு டகோட்டாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கினார். கையில் தொலைநோக்கி இல்லை. துணி வெளுக்கிற டிரை கிளீனிங் திரவம் 600 டன்னுக்கு மேல். சூரியனைப் பார்க்கச் சூரியனே தெரியாத இடத்துக்குப் போனவர் அவர். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அகப்பட்டது. உமக்கு எண்ணத் தெரியவில்லை என்றார்கள் அவரிடம். உம் கணக்கு தப்பு என்றார்கள், எத்தனை அகப்படவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த ஜான் பாக்காலிடம். முப்பது ஆண்டுக்கு மேல் இப்படியே போயிற்று. கடைசியில் குற்றவாளி நியூட்ரினோ. வழியில் வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று 2001-02இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் காட்டியது. 2002இல் டேவிஸுக்கு நோபல். வயது 88.

எடிங்டன் எப்போதும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. 1935 ஜனவரி 11, லண்டன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து வந்த இருபத்துநான்கு வயது சந்திரசேகர், சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி வெள்ளைக் குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது என்று கணக்குக் காட்டினார். சூரியனுக்குப் பிரச்சினையில்லை, அது எல்லைக்குள் இருக்கிறது, ஒருநாள் அமைதியாகக் குள்ளனாகிவிடும். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அந்தக் கணக்கைக் கேலிசெய்து சபையைச் சிரிக்கவைத்தார். சந்திரசேகர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது சரி என்று நோபல் குழுவுக்கு 1983இல் தோன்றியது.

இடையில் அவர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்: தி ஆஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியர். அவர் பல்கலைக்கழகத்திலேயே இருந்த யூஜின் பார்க்கர் ஒரு கட்டுரை கொண்டுவந்தார். சூரியனின் மேற்பரப்புக்கு வெளியே இருக்கும் ஒளிவட்டம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அவ்வளவு சூடான வாயுவைச் சூரியனால் பிடித்துவைக்க முடியாது. நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டிருக்கவேண்டும் என்று. நடுவர் ஒருவர் நிராகரித்தார். எழுதியவர் முதலில் நூலகத்துக்குப் போய் இந்தத் துறையைப் படித்துவிட்டு வரட்டும் என்பது அறிவுரை. இன்னொரு நடுவரும் வேண்டாம் என்றார். சந்திரசேகர் பார்க்கரின் அறைக்கே போய், இரண்டு நிபுணர்கள் தப்பு என்கிறார்களே என்று கேட்டார். கணக்கில் எங்கே தப்பு என்று அவர்கள் காட்டவில்லையே என்றார் பார்க்கர். சந்திரசேகருக்கும் அந்தச் சூரியக் காற்றில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் 1958இல் அச்சேற்றினார்.

1962இல் வெள்ளிக்குப் புறப்பட்ட மாரினர் 2 விண்கலத்தின் மேல் வழியெல்லாம் அந்தக் காற்று வீசியது. 2018இல் நாசா பார்க்கர் பெயரில் ஒரு விண்கலம் விட்டது. தொண்ணூற்றொரு வயதில் அவரே போய் நின்று பார்த்தார். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், பார்க்கர் சொன்ன காற்று கிளம்புகிற ஒளிவட்டத்துக்குள்ளேயே புகுந்து வந்தது. 5,500 டிகிரித் தரைக்கு மேலே ஒளிவட்டம் பத்து லட்சத்தை எப்படித் தாண்டுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நடுவர்கள் இருவரும் யார் என்று ஆய்விதழ்கள் சொல்வதில்லை. நூலகத்தில் விசாரித்தால் தெரியலாம்.